மண்டையில் கம்பி பாய்ந்த ரயில் மேஸ்திரி

நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவிலுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1979-ல். பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி வைக்கும் வேலை இந்த எல்லையோரக் கிராமத்தாருக்குப் புதிதல்ல. அதே வேலையில் மண்டையில் கம்பி பாய்ந்தும், பதினோரு ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார் ஓர் அமெரிக்க ரயில் மேஸ்திரி. மூளைக் காயத்தைப் பற்றிப் படிக்கும் டாக்டர்கள் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும்: பினியஸ் கேஜ்.

1823-ல் பிறந்த கேஜ், 25 வயதிலேயே பாதை போடும் ஆட்களுக்குத் தலைவர். கெட்டிக்காரர்; மேலிடத்துக்கும் பிடித்தவர். 1848 செப்டம்பர் 13-ந் தேதி மாலை, வெர்மாண்ட் மாநிலத்தில் காவெண்டிஷ் என்ற ஊருக்கு அருகே, அவர் கெட்டித்துக்கொண்டிருந்த மருந்து வெடித்தது. மூன்றரை அடி நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்தில் நுழைந்து, கண்ணுக்குப் பின்னால் போய், உச்சந்தலை வழியே வெளியேறியது.

ஆள் சாகவில்லை. சில நிமிஷங்களில் பேசினார். மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே விடுதிக்குப் போனார். ஜான் ஹார்லோ என்ற இளம் டாக்டர் வைத்தியம் பார்த்தார். பெனிசிலின் இல்லாத காலம். காயம் சீழ் பிடித்தும் பிழைத்து, சுமார் பத்து வாரத்தில் வீடு திரும்பினார். இடது கண் பார்வை போயிற்று.

போனது கண் மட்டுமல்ல. பொறுமை போயிற்று, வாயில் கெட்ட வார்த்தை வந்தது, எடுத்த காரியத்தில் நிலைக்க முடியவில்லை. பழைய வேலையைக் கம்பெனி தரவில்லை. நோயாளி நடந்து வீடு வந்துவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோமே, தொல்லை தொடங்குவது அதற்குப் பிறகுதான். வீட்டாருக்குத்தான் அது தெரியும். நியூயார்க் காட்சிசாலையில் அந்தக் கம்பியோடு நின்று கொஞ்ச காலம் பிழைத்தார். பிறகு குதிரை லாயத்தில் வேலை.

பலர் கதையை இங்கேயே முடித்து, கேஜ் சீரழிந்து போனார் என்று எழுதிவிட்டார்கள். அது நியாயமல்ல. 1852-ல் சிலி நாட்டுக்குப் போய், அங்கே ஏழு ஆண்டுகள் இருந்தார். பயணிகள் ஏறும் குதிரை வண்டி ஓட்டினார். குதிரைகளைப் பூட்டி, நேரம் தவறாமல், தெரியாத பாஷை பேசும் ஊரில் ஓட்ட வேண்டிய வண்டி! தினமும் ஒரே ஒழுங்கில் செய்த அந்த வேலைதான் அவரை ஓரளவு மீட்டிருக்க வேண்டும் என்பது, மால்கம் மக்மில்லன் என்ற ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளரின் முடிவு. 2000-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்துக்குப் பின் இந்தக் கருத்து வலுப்பெற்றது.

1859-ல் உடம்பு முடியாமல் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த தாயாரிடம் வந்தார். அடுத்த ஆண்டு வலிப்பு கண்டது. தலைக்காயம் ஆறிப் பல ஆண்டு கழித்தும் வலிப்பு வரலாம் என்பது இன்று தெரிந்த விஷயம். 1860 மே 21-ல் காலமானார்.

ஹார்லோவுக்கு இது தெரியாது. 1866-ல்தான் விசாரித்துத் தாயாருக்குக் கடிதம் எழுதினார். புதைத்த உடலைத் தோண்டி மகனின் மண்டை ஓட்டைக் கொடுக்க அந்தத் தாய் சம்மதித்தார். கம்பியும் வந்து சேர்ந்தது. விபத்து நடந்து இருபதாவது ஆண்டில், 1868-ல், ஹார்லோ முழு விவரத்தையும் வெளியிட்டார். இரண்டும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் மியூசியத்தில் இருக்கின்றன.