கடல் நீலத்தை ஆராய்ந்த அறிஞர்

திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், கல்கத்தாவில் வகித்த உயர் அரசாங்கப் பதவியை 1917இல் துறந்து, குறைந்த ஊதியத்திற்குப் பௌதிகப் பேராசிரியரானார்.

கடலின் நீலம் வானத்தின் சாயலே என்பது அந்நாளைய கொள்கை. 1921இல் கப்பலில் மீளுங்கால், அவர் பட்டகமொன்றினால் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கி நோக்கினார், நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன எனத் துணிந்தார். செந்நிறத்தை நீர் உறிஞ்சுவதும் அந்நீலத்திற்குக் காரணமென இன்று அறிவோம்.

அவ்வாராய்ச்சி வளர்ந்தது. சிதறிய ஒளியிற் சிறுபகுதி பொருளுக்கேற்ப நிறம் மாறுவதை 1928இல் கே. எஸ். கிருஷ்ணனுடன் கண்டறிந்தார், 1930இல் நோபெல் பரிசு பெற்றார், 1970இல் மறைந்தார்.

மங்கலான அந்நிறமாற்றத்தைப் பொன், வெள்ளிப் பரப்புகளின் இலத்திரன் அலைகள் பன்மடங்காக்குவதால், நுண்ணளவான நோய்க்கூறுகளை உணருஞ் சில்லுகள் இன்று அமைகின்றன.

புத்தளக் கரையில் அந்நீலத்தை நாளும் காண்கின்றோம். கண்டதை வினாவாக்கும் மாணவரே நம் கல்லூரிக்குப் பெருமை.