தாயரை வினவிய மருத்துவர்

இங்கிலாந்து நாட்டில், எஃகுத் தொழிலாற் பெயர்பெற்ற ஷெபீல்டு நகரில், 1906-ஆம் ஆண்டு ஆலிஸ் ஸ்டூவர்ட் அம்மையார் பிறந்தார். தாய் தந்தையர் இருவரும் மருத்துவர். குழவிகளின் நலம் பேணுவதில் பெரிதும் ஈடுபட்டவர். ஆலிசும் கேம்பிரிட்ஜில் பயின்று மருத்துவரானார்.

அவர் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய காலத்தில், சிறுவரிடையே குருதிப் புற்றுநோய் பெருகி வந்தது, காரணம் புலப்படவில்லை. இரண்டு மூன்று வயதிலேயே குழந்தை மடியுமாயின், அந்நோயின் வித்து அது பிறக்குமுன்பே விழுந்திருத்தல் கூடுமன்றோ? அங்ஙனமாயின் அதனை அறிந்திருக்கக் கூடியவள், சுமந்து பெற்ற தாயே. இவ்வாறு கருதிய அம்மையார், தாயரையே வினவத் துணிந்தார். இஃது எளிய செயலன்று. மகவை இழந்து வருந்துவாரிடம் வினாத்தாளுடன் செல்லுதல் வேண்டும்.

ஆய்வுக்குக் கிடைத்த பொருள் 1000 பவுன் மட்டுமே. அதனை அளித்தது, குருதிப் புற்றால் 1931-இல் மறைந்த மெகர்பாய் டாட்டா நினைவாக அவர்தம் கணவர் நிறுவிய அறநிலையம். பம்பாய்ச் செல்வம் ஆங்கிலத் தாயரின் துயர் துடைக்க உதவியது!

1953 முதல் 1955 வரை புற்றுநோயால் இறந்த சிறுவரின் அன்னையரையும், அதே வயதில் நலமுடன் வாழ்ந்த சிறுவரின் அன்னையரையும், நாடெங்கும் இருந்த பொதுநல மருத்துவர்கள் கண்டு வினவினர். உண்ட உணவு, வளர்த்த விலங்கு, உற்ற நோய் யாவும் கேட்கப்பெற்றன. இரு சாராரின் விடைகளும் பலவற்றில் ஒத்திருந்தன. ஒன்றில் மட்டும் வேறுபட்டன. கருவுற்றிருந்தபோது வயிற்றில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பெற்றவர், மகவை இழந்தோரிடையே ஏறத்தாழ இருமடங்கினராய் இருந்தனர்.

இம்முடிபு 1956-இலும், விரிவாக 1958-இலும் வெளிவந்தது. மகப்பேற்று மருத்துவர் பெரிதும் நம்பிய கருவியன்றோ அக்கதிர்? ஆதலின் அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். துயருற்ற தாயர் நினைவு பிறழ்ந்திருப்பர் என்றும் சிலர் கருதினர். ஆயின் 1962-இல் அமெரிக்க அறிஞர் மக்மகன், நினைவை நம்பாது மருத்துவமனை ஏடுகளையே ஆராய்ந்து, கருவிற் கதிர்பட்ட குழந்தைகளிடம் புற்று மிகுதியாதலைக் கண்டார். நாளடைவில் கருவுற்றாரைக் கதிர்ப்படம் எடுக்கும் வழக்கம் அருகியது.

அம்மையார் 1974-இல் பர்மிங்காம் சென்றும் ஆய்வை விடவில்லை. இன்று சிறுவரின் தைராய்டுப் புற்றை ஆராய்வோரும் பிறப்பு ஏடுகளையும், பிறந்தகால எடையையும், பெற்றோர் வயதையும் நோக்குகின்றனர். 2002-இல், தம் 95-ஆம் வயதில், ஆலிஸ் அம்மையார் மறைந்தார்.