டூ-ஸ்ட்ரோக் சைலன்சருக்கு வயிறு எதற்கு? வால்டர் காடனின் கதை

பழைய டூ-ஸ்ட்ரோக் டிரெயில் பைக்குகளை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். எஞ்சினில் இருந்து கிளம்பும் புகைக்குழாய் மெல்ல விரிந்து, நடுவில் வயிறு மாதிரி வீங்கி, மறுபடி சுருங்கி சின்ன வாலாக முடியும். ஏதோ அழகுக்காகச் செய்ததுன்னு நினைச்சா தப்பு. பாதி பவர் அந்த வயிற்றில்தான் இருக்கிறது. அதை ஓர் அறிவியலாகவே மாற்றியவர் வால்டர் காடன்.

1919 செப்டம்பர் 1-ல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் பிறந்தார். அப்பா, டிகேடபிள்யூ மோட்டார் சைக்கிள் கம்பெனியின் விற்பனை மேலாளருக்கு கார் டிரைவர். 1927-ல் நூர்பர்க்ரிங் பந்தயத்தளம் திறந்தபோது ஏழு வயசுப் பையனாக நேரில் பார்த்தவர். அப்புறம் கெம்னிட்ஸில் பொறியியல் படிப்பு. போர்க் காலத்தில் ஹென்ஷல் விமான நிறுவனத்தில், ராக்கெட் விசையில் பாயும் ஏவுகணைத் திட்டத்தில் வேலை.

போர் முடிந்ததும் ஊர் திரும்பி மரத்தொழில் செய்தார். பழைய டிகேடபிள்யூ 125 சிசி பைக் ஒன்றைப் பிரித்து மாற்றிக்கட்டி, சொந்தமாக ரேஸ் பைக்கும் உருவாக்கினார். அது கவனத்தை ஈர்க்க, 1953-ல் கிழக்கு ஜெர்மனியின் அரசுத் தொழிற்சாலை (பின்னாளில் எம்இசட்) அவரை ரேஸ் பிரிவுக்குத் தலைவராக்கியது.

அங்கே பணம் குறைவு, உதிரிபாகங்களுக்கும் தட்டுப்பாடு. காடன் நம்பியது ஒலி அலைகளை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும்போதே புது பெட்ரோல்-காற்றுக் கலவையும் உள்ளே வருகிறது. அதில் கொஞ்சம் எரியாமலே குழாய்க்குள் ஓடிவிடும். வேஸ்ட்தானே?

குழாயின் விரியும் பகுதியில் இருந்து திரும்பும் அலை, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுக்கும். சுருங்கும் பகுதியில் மோதித் திரும்பும் அலையோ, ஓடிப்போன கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். புகைவாசல் மூடுவதற்கு ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் முன்னால் அந்த அலை வந்து சேரணும். எந்த நீளம், எந்த அகலம் சரிவரும் என்பதை ஆசிலோஸ்கோப் வைத்து அலைகளைப் பார்த்தே முடிவு செய்தார் காடன்.

விரிகுழாயை முதலில் முயன்றவர் அவர் அல்ல. மேற்கு ஜெர்மனியில் எரிக் வோல்ஃப் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார். சுழலும் டிஸ்க் வால்வும் டேனியல் சிம்மர்மன் கொண்டுவந்ததுதான். இவற்றோடு கூடுதலாக ஒரு கலவைப் பாதையையும் சேர்த்து, ஒன்றுக்கொன்று பொருத்தியதுதான் காடனின் சாதனை. 1961-ல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கை டர்போ போன்ற துணை இல்லாமல் எட்டிய முதல் எஞ்சின் இது.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் போச்சு

அந்த ஆண்டு எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 125 சிசி உலகப் பட்டத்தைத் தொடும் தூரத்தில் இருந்தார். ஆகஸ்டில்தான் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பர் 17, ஸ்வீடன் போட்டியில் அவருடைய எஞ்சின் பழுதானது. அவர் ஊர் திரும்பவில்லை. டென்மார்க் வழியாக மேற்கே தப்பினார். மனைவியும் பிள்ளைகளும் கார் டிக்கியில் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். காடனின் தொழில்நுட்பம் டெக்னரோடு சுசுகிக்குப் போனது. அடுத்த ஆண்டே 50 சிசி-யில் சுசுகிக்கு முதல் உலகப் பட்டம், ஓட்டியவர் டெக்னர். எம்இசட்டுக்கு அந்தப் பட்டம் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

ஆனால் கரடுமுரடான பாதைகளில் நடக்கும் ஆறு நாள் போட்டியில் எம்இசட் பைக்குகள் வேறு கதை எழுதின. கிழக்கு ஜெர்மனி 1963 முதல் 1967 வரை தொடர்ந்து ஐந்து முறை கோப்பை வென்றது. 1964-ல் எர்ஃபுர்ட்டில் நடந்த போட்டிக்கு ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குவீனும் டிரையம்ஃப் பைக்கோடு வந்திருந்தார்.

காடன் கணக்கு இன்றும் பழைய பைக் சரிசெய்பவர்களைத் துரத்துகிறது. டிரெயில் பைக்கில் ரேஸ் குழாயை மாட்டினால் சத்தம் வரும், உச்ச வேகத்தில் இழுவையும் வரும். ஆனால் மலையேற்றத்தில் தேவைப்படும் கீழ் ஆர்பிஎம் இழுவை குறைந்துவிடும். காரணம், அலை சரியான நேரத்துக்கு வருவது ஒரு குறுகிய வேக எல்லைக்குள் மட்டும்தான். குழாயை மாற்றிவிட்டு கார்பரேட்டர் ஜெட்டை அப்படியே விட்டால் இன்னும் ஆபத்து: கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடேறி, பிஸ்டன் ஜாம் ஆகலாம். எதுவும் மாற்றாமல் பழைய குழாயில் படிந்த கார்பனைச் சுத்தம் செய்தாலே போன பவர் பல நேரம் திரும்பிவிடும்.

டெக்னர் போன பிறகும் காடன் எம்இசட்டிலேயே இருந்தார். 1963-ல் மைக் ஹெயில்வுட் அவருடைய 250 சிசி பைக்கில் சாக்சன்ரிங் பந்தயத்தை வென்றார், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால். 1996 மார்ச் 3-ல் காடன் காலமானார். இந்தியாவில் யமஹா ஆர்எக்ஸ்100 தயாரிப்பு நின்றதும் அதே ஆண்டுதான்.