எழுத்தின் பிறப்பை ஆராய்ந்த சூ ஷென்

சீன எழுத்தின் வரலாற்றைக் கற்கப் புகுவார் எவரும் சூ ஷென் என்னும் பேராசிரியரைக் கடந்து செல்லல் இயலாது. நிகண்டும் இலக்கணமும் கற்பித்து வாழும் யான் இப்பெருமகன் சரிதத்தை ஒருவகை உறவுரிமையோடு படித்தேன்.

இவர் கீழை ஹான் பேரரசின் காலத்தவர். இன்றைய ஹெனான் மாகாணத்துள் அடங்கிய சாவோலிங் என்னும் ஊரினர். ஜியா குயி என்னும் பெரும்புலவரிடம் பழநூல்களைப் பாடங்கேட்டார். ஐந்து மூலநூல்களிலும் இவருக்கு நிகராவார் இலர் என்று அக்காலத்தார் போற்றினர். இவர் வகித்த அரச பதவிகளை ஈண்டு விரித்தல் வேண்டா.

அக்காலத்து எழுத்தின் நிலையை மட்டும் சிறிது கூறுதல் வேண்டும். கி.மு. 221 இல் சின் பேரரசன் நாடு முழுவதையும் ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்தபின், அமைச்சர் லீ சி நாட்டுக்கு நாடு வேறுபட்ட எழுத்து வடிவங்களை விலக்கி முத்திரையெழுத்தைப் பொதுவாக்கினார். வளைகோடுகள் மிக்க அதனை விரைந்தெழுதல் அரிது. ஆதலின் அரசாங்க எழுத்தர் வளைவுகளை நேராக்கிய எளிய வடிவொன்றைக் கையாண்டனர். ஹான் காலத்தில் அதுவே எங்கும் பரவிற்று. எழுதுவோர்க்கு அது நன்மையே. ஆனால் எழுத்து அவ்வாறு அமைந்த காரணம் கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

அதனால் விளைந்தது என்ன? ஆசிரியர் சிலர் புதிய வடிவையே பண்டை வடிவென்று நம்பி, தந்தையிடமிருந்து மைந்தன் பெற்றது எங்ஙனம் மாறும் என வாதாடினர். நீளத்தையும் மூத்தோனையும் குறிக்கும் எழுத்தைக் குதிரைத்தலை மனிதன் என்றனர். ஒரு முகத்தலளவையின் எழுத்தைப் பத்தினை ஏந்திய மனிதன் என்றனர். மாணாக்கரும் அதனைப் பாடஞ்செய்தனர்! நகைப்போடு அமைந்ததாயின் கேடில்லை. கைக்கூலி பற்றிய சட்டச் சொல்லையும் நீதி வழங்குவோர் இவ்வாறே பிரித்துப் பொருள் கொண்டனர். எழுத்துப் பிழை வழக்குமன்றம் புகுந்தமையே சூ ஷென்னை வருத்தியது.

கி.பி. 100 இல் அவர் தம் பெருநூலாகிய ஷுவோவென் ஜியேட்ஸுவை எழுதி முடித்தார். முத்திரையெழுத்தை அடிப்படையாகக்கொண்டு 9,353 எழுத்துக்களை விளக்கி, அவற்றை 540 தலைமையுறுப்புக்களின்கீழ் வகுத்தார். சீன அகராதிக்கு இம்முறையை முதன்முதல் வகுத்தவர் இவரே. எழுத்துக்கள் பிறக்கும் ஆறு வழிகளையும் வரையறுத்தார். ஆற்றைக் குறிக்கும் எழுத்தில் ஒருபாதி நீர் என்னும் பொருளையும் மறுபாதி ஒலியையும் உணர்த்தும் என அவர் காட்டும் வழியிலேயே சீன எழுத்துக்களுட் பெரும்பாலன அமைந்துள்ளன.

நூல் உடனே அரசவை ஏறவில்லை. 121 இல், அவர் நோயுற்றிருந்தபோது, மைந்தர் சூ சோங் அதனைப் பேரரசர் ஆனிடம் சமர்ப்பித்தார்.

பிறர் பிழையைத் திருத்திய இவரும் பிழைபட்டதுண்டு. செய்தல் என்னும் பொருளுடைய எழுத்தைக் குரங்கின் உருவமென்றார். அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட எலும்பெழுத்துக்களை 1899 இல் வாங் யிரோங் இனங்கண்டார். அவற்றில் அவ்வெழுத்து யானையொன்றைக் கையாற்பற்றி நடத்தும் உருவமாக விளங்குகின்றது. மண்ணுள் மறைந்திருந்ததை அவர் எங்ஙனம் அறிவார்? ஆயினும் அவ்வெலும்புகளைப் படிக்கப் புகுந்த அறிஞர் முதலிற் கைக்கொண்ட துணை அவர் நூலே.

1956 இல் சீன அரசு எழுத்துக்களைச் சுருக்கியது. அந்த யானையை இன்றைய சீனச் சிறுவன் நான்கே கோடுகளில் எழுதிவிடுகின்றான்.