தண்டி (வடமொழி ஆசிரியர்)

தண்டி என்பவர் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த வடமொழிப் புலவரும் அணியிலக்கண ஆசிரியரும் ஆவார். காவியாதர்சம், தசகுமார சரிதம், அவந்திசுந்தரி ஆகிய நூல்கள் இவர் இயற்றியவையாகும். இரு பொருள்களுக்கிடையே உள்ள ஒப்புமையைக் கண்டறிந்து சொல்லும் திறனை மாணவர்க்குப் படிப்படியாகக் கற்பிக்கக்கூடிய ஒரு பாடமாக வகுத்தவர் என்ற வகையில் இவர் சிறப்பிடம் பெறுகிறார். தமிழில் தண்டியலங்காரம் இயற்றிய 12ஆம் நூற்றாண்டு ஆசிரியர் இவரினும் வேறானவர்.

குடும்பம்

தண்டியின் வாழ்க்கை பற்றிய செய்திகள் பெரும்பாலும் அவருடைய அவந்திசுந்தரி என்னும் உரைநடை நூலின் முற்பகுதியிலிருந்தே கிடைக்கின்றன. அவருடைய கொள்ளுப்பாட்டனார் தாமோதரர், வடக்கேயிருந்து விதர்ப்ப நாட்டில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். கவிஞர் பாரவியின் நட்பினால் அரச அவைகளில் அறிமுகம் பெற்ற அவர், கங்க மன்னன் துர்விநீதனிடம் இருந்தபின் பல்லவ மன்னன் சிம்மவிஷ்ணுவின் அழைப்பை ஏற்றுக் காஞ்சிக்கு வந்தார். (தாமோதரரும் பாரவியும் ஒருவரே என்று முதலில் கருதப்பட்டது. பின்னர்க் கிடைத்த படிகள் அவர்கள் நண்பர்கள் என்பதைத் தெளிவாக்கின.) தாமோதரரின் மகன் மனோரதர், மனோரதரின் மகன் வீரதத்தர். வீரதத்தருக்கும் கௌரிக்கும் பிறந்தவரே தண்டி. இவர் சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார்.

போரும் கூரம் செப்பேடும்

பெற்றோரை இழந்த சில காலத்தில் பகைவர் படையெடுப்பால் காஞ்சி நகரம் சீர்குலைந்தது. பஞ்சமும் ஒழுங்கின்மையும் பரவின. தண்டி ஊரைவிட்டு வெளியேறிப் பல நாடுகளில் அலைந்து, ஆசிரியர்களின் இல்லங்களில் தங்கிக் கல்வி கற்றார். பகைவர் யார் என்பதை அவர் பெயர் சுட்டிக் கூறவில்லை. எனினும் இது சாளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தனின் படையெடுப்பாக இருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுகின்றனர். 674ஆம் ஆண்டில் அம்மன்னன் காவிரிக் கரையில் உறையூரில் பாசறை அமைத்திருந்ததை அவனுடைய கத்வால் செப்பேடு காட்டுகிறது.

இப்போரின் மறுபக்கத்தைச் சொல்வது காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடாகும். பல இலட்சம் வீரரைக் கொண்ட விக்கிரமாதித்தனின் படையை முதலாம் பரமேசுவரவர்மன் முறியடித்துத் துரத்தினான் என அது கூறுகிறது. கூரத்தில் அம்மன்னன் எடுப்பித்த வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற சிவன் கோயில், பல்லவர் கல்லால் கட்டிய தொடக்ககாலக் கோயில்களுள் ஒன்று. தூங்கானைமாட வடிவில் அமைந்த இது பிற்காலத்தில் சிதைவுற்றது. கோயிலுக்காக அளிக்கப்பட்ட பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் 25 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. மூன்று பங்குகள் பூசைக்கும் பழுது பார்ப்பதற்கும், ஒரு பங்கு மண்டபத்திற்கு நீரும் நெருப்பும் வழங்குவதற்கும், ஒரு பங்கு அம்மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 20 பங்குகள் நான்மறை வல்ல 20 அந்தணர்க்கு உரியவையாயின. போர் ஓய்ந்த நாட்டில் ஒரு சிற்றூர் மண்டபத்தில் காப்பியம் படித்துக் கேட்பதற்கென்றே நிலம் விடப்பட்டது என்பது, தண்டி திரும்பி வந்த காலத்துக் காஞ்சிப் பகுதியைப் புரிந்துகொள்ள உதவும் செய்தியாகும்.

காஞ்சிக்குத் திரும்பிய பின்

அமைதி நிலவியதும் தண்டி காஞ்சிக்குத் திரும்பினார். ஒருமுறை லலிதாலயர் என்னும் சிற்பி, மாமல்லபுரத்தில் கடலோரம் பள்ளிகொண்ட திருமால் சிலையின் முறிந்த கையைப் பொருத்திவிட்டு, ஒட்டு தெரிகிறதா எனப் பார்த்துச் சொல்ல அவரை அழைத்தார். அங்கே அலை ஒதுக்கிய செந்தாமரை ஒன்று சிலையின் அடியைத் தொட்டதும் வித்தியாதரனாக மாறியதைக் கண்டு, அதன் காரணத்தை அறிய விரும்பியதிலிருந்தே அவந்திசுந்தரியின் கதை தொடங்குகிறது. புனைவு கலந்த பகுதி எனினும், மாமல்லபுரம் பற்றிய பழைய இலக்கியக் குறிப்புகளுள் ஒன்று என்பதால் வரலாற்றாசிரியர் இதனைப் பொருட்படுத்துகின்றனர்.

பல்லவ இளவரசன் ஒருவனுக்குக் கற்பிப்பதற்காகவே காவியாதர்சத்தை இவர் எழுதினார் என்றொரு கருத்து உண்டு. அந்நூலின் எடுத்துக்காட்டு ஒன்றில் வரும் அரசன் பெயரைக் கொண்டு, அவன் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மன் என்பர் சிலர். இது ஊகமே. ஆனால் நூலின் நடை ஓர் ஆசிரியரின் நடை என்பதில் ஐயமில்லை.

ஒப்புமை கற்பித்தல்

காவியாதர்சம் மூன்று பகுதிகளைக் கொண்டது. இரண்டாம் பகுதி 35 பொருளணிகளை விளக்குகிறது. அவற்றுள் உவமைக்கு மட்டும் 32 வகைகள் கூறப்படுகின்றன. எவ்வகையிலேனும் ஒப்புமை புலப்பட்டால் அது உவமை என்று பரந்த வரையறை தந்துவிட்டு வகைகளுக்குச் செல்கிறார் தண்டி.

மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இவ்வகைப்பாடு சலிப்பூட்டக்கூடும். ஏனெனில் பெரும்பாலான எடுத்துக்காட்டுகளில் முகம், தாமரை, நிலவு ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. உண்மையில் பாடத்தின் நுட்பமே இதில்தான் உள்ளது. பொருள்களை மாற்றாமல் அவற்றுக்கிடையே உள்ள உறவை மட்டும் மாற்றிக்கொண்டே செல்வதால், மாணவனின் கவனம் பொருளை விட்டு உறவின்மேல் நிலைக்கிறது. முதல் வகையில் பொதுத்தன்மை வெளிப்படையாகக் கூறப்படும்: உள்ளங்கை தாமரை போலச் சிவந்தது என்பது போல. அடுத்த வகையில் அது கூறப்படாது. முகம் தாமரை போன்றது என்று மட்டும் இருக்க, எதனால் என்பதை மாணவனே நிரப்ப வேண்டும். பின்னர் உவமையும் பொருளும் இடம் மாறும். தாமரை முகம் போல மலரும். அதன்பின் ஒன்றுக்கொன்று உவமையாதல், இது தாமரையோ முகமோ என ஐயுறுதல், காரணம் காட்டித் துணிதல் என வளர்கிறது.

உச்சநிலை, முழுத் தொடரையும் முழுத் தொடரோடு ஒப்பிடும் வகையாகும். விழி புரளும், பல்லொளி தெரியும் முகத்தை, வண்டு சுழலும், தாதிழை தெரியும் தாமரையோடு ஒப்பிட்டால், முகத்திற்குத் தாமரை, விழிக்கு வண்டு, பல்லொளிக்குத் தாதிழை என உறுப்புக்கு உறுப்பு பொருத்திக் காண வேண்டும். இன்றைய போட்டித் தேர்வுகளில் இடம்பெறும் சொல் ஒப்புமை வினாக்கள் கேட்பதும் இத்தகைய பொருத்தத்தையே. மற்றொரு வகையில் போல என்ற சொல்லே இராது. இரு வாக்கியங்கள் அருகருகே நிற்க, இணை உறவைப் படிப்பவரே உணர வேண்டும். ஒப்புமை உணர்த்தும் சொற்களின் நீண்ட பட்டியலையும் தண்டி தந்துள்ளார்.

பிழைகளையும் அவர் விட்டுவிடவில்லை. மின்மினியைக் கதிரவனோடு ஒப்பிடுதல், தலைவன்பால் அன்புள்ள வீரனை நாயோடு ஒப்பிடுதல் ஆகியவற்றைப் பொருந்தாத உவமைக்குக் காட்டுகிறார். ஆயினும் பால், எண், உயர்வு, தாழ்வு ஆகியவற்றின் வேறுபாடு அறிவுடையோர்க்கு உறுத்தாதவிடத்துக் குற்றமாகாது என்பது அவர் கொள்கை.

கவித்திறன் பிறவியிலேயே அமைய வேண்டும் என வலியுறுத்தியவர் பாமகர். உவமையின் வகைகளைப் பெருக்குவதையும் அவர் ஏற்கவில்லை. இருவருள் முற்பட்டவர் யார் என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. தண்டியோ, பிறவி ஆற்றல் இல்லாதவரும் கல்வியாலும் இடைவிடாப் பயிற்சியாலும் கலைமகளின் அருளைப் பெறலாம் என்றார். 32 வகைகளின் நோக்கம் இக்கொள்கையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது.

மூன்றாம் பகுதியில் 16 வகைப் புதிர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, நடுவில் மெல்லொலியும் சுற்றிலும் நான்கு ஒலிகளும் அமைந்த நகரம் ஒன்றையும், எட்டு ஒலிகள் கொண்ட பெயருடைய அதன் அரசர்களையும் கேட்கிறது. விடை, வடமொழி ஒலிக்கணக்கில், காஞ்சியும் பல்லவரும் ஆகும்.

தாக்கம்

கன்னடத்தில் கவிராசமார்க்கம், சிங்களத்தில் சியபஸ்லகர ஆகியவை 9ஆம் நூற்றாண்டிலேயே இந்நூலைத் தழுவி எழுந்தன. 13ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழியில் பெயர்க்கப்பட்டு, அந்நாட்டு மடங்களில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது.

தமிழில் 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் அலங்காரப் பகுதியில் தண்டியைப் பின்பற்றியது. தண்டியலங்காரம் 35 அணிகளையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் உவமையை 24 வகைகளாகச் சுருக்கி, பண்பு, தொழில், பயன் என்னும் மூன்றையும் அதற்கு நிலைக்களமாக வைத்தது. வினை, பயன், மெய், உரு எனத் தொல்காப்பிய உவமவியல் முன்பே நான்கு கூறியிருந்ததால் தமிழ் மாணவர்க்கு இது புதிதாக இருந்திருக்காது. முழுத்தொடர் உவமை, உவமைச்சொல் பல இடங்களில் வருவது பலவயிற்போலி எனவும், ஓரிடத்தில் மட்டும் வருவது ஒருவயிற்போலி எனவும் இங்கே பெயர் பெற்றது.

அவந்திசுந்தரி நெடுங்காலம் மறைந்திருந்தது. 1924இல் மானவல்லி இராமகிருஷ்ண கவி அதன் சிதைந்த பகுதியைப் பதிப்பித்த பிறகே தண்டியின் ஊரும் குடும்பமும் அறியவந்தன. இதைவிட விரிவான பதிப்பு 1954இல் திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்தது.