நாலு பேர் வேணும்!
(ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸின் வாழ்க்கை)

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்



எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மனுசனுக்கு நாலு பேர் வேணும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பந்தக்கால் நடவும் நாலு பேர் வேணும், கடைசியில் தோள் கொடுக்கவும் நாலு பேர் வேணும்.

முதலாம் ஆண்டில் பெட்டியும் தலையணையுமாக ஹாஸ்டலுக்கு வந்தபோதுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒர்க்ஷாப், டிராயிங் ஹால் எல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையைத்தான் சமாளிக்க முடியவில்லை. பக்கத்து ஊர்ப் பையன்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு பஸ் சார்ஜ் கட்டுப்படியாகாது. துணி துவைத்துக் காயப்போட்டால் அப்புறம் பேச ஆள் கிடையாது. அப்படி ஒரு நாள் சீனியர் அண்ணன் ஒருவர் வந்து, ரோட்டராக்ட் சங்கம் நடத்திய கண் சிகிச்சை முகாமுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். வரிசையில் நின்ற வயசானவர்களுக்கு டோக்கன் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் திரும்பும்போது எனக்கு நாலு பேர் இருந்தார்கள்!

இந்த ரோட்டராக்டுக்கு மூலமான ரோட்டரி சங்கத்தை ஆரம்பித்தவர் யார் என்று லைப்ரரியில் தேடிப் படித்தேன். அவரும் என்னை மாதிரியே ஞாயிற்றுக்கிழமைக்குப் பயந்தவர்தான். அதனால்தான் அவர் கதையை இந்த ஆண்டு மலரில் எழுதத் தோன்றியது.

தாத்தா வளர்த்த பிள்ளை

பால் ஹாரிஸ் 1868 ஏப்ரல் 19-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவின் வியாபாரம் நொடித்துப் போனதால், மூன்று வயதுப் பையனை வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில் இருந்த தாத்தா பாட்டியிடம் கொண்டுபோய் விட்டார்கள். சுற்றிலும் மலை. எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கும் ஊர். ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடாமலே வந்து நிற்பார். அந்த ஊர் கடைசிவரை அவர் மனசை விட்டுப் போகவில்லை.

பிறவியிலேயே மகான் என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய வாலுப்பையன் அவர். ஒரு பள்ளியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். 1886-ல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்திலிருந்தும் நீக்கினார்கள். பின்னாளில் அதே பல்கலைக்கழகம் அவரை அழைத்து கௌரவப் பட்டம் கொடுத்தது என்பது வேறு கதை! தாத்தா மட்டும் பையனைக் கைவிடவில்லை. பிரின்ஸ்டனில் சேர்த்துப் படிக்க வைத்தார். 1888-ல் தாத்தா இறந்துபோனார். படிப்பு பாதியில் நின்றது. பால் ஒரு சலவைக்கல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அயோவா மாநிலத்துக்குப் போய் 1891-ல் சட்டப் படிப்பை முடித்தார். படிக்க வைத்த தாத்தா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஐந்து வருட அலைச்சல்

வக்கீல் ஆனவுடன் நாற்காலி போட்டு உட்காரவில்லை. தொழிலைத் தொடங்கும் முன் ஐந்து வருடம் உலகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். கையில் காசு இல்லை. போன இடத்திலெல்லாம் கிடைத்த வேலையைச் செய்தார். பத்திரிகை நிருபராக இருந்தார், பழத்தோட்டத்தில் கூலியாக இருந்தார், நாடகத்தில் நடித்தார், ஹோட்டலில் குமாஸ்தாவாக இருந்தார், சலவைக்கல் விற்கும் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றினார். மாடுகள் ஏற்றிச் சென்ற கப்பலில் வேலை பார்த்தே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

கூலி வேலை செய்பவரின் பசியும் அசதியும் அவருக்குப் புத்தகத்தில் படித்த பாடம் அல்ல. அனுபவித்துத் தெரிந்துகொண்டார்.

சிகாகோவில் ஒற்றை ஆள்

1896-ல் சிகாகோவில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். தொழிலில் நாலு பேரோடு பழகத்தான் செய்தார். ஆனால் கோர்ட்டு வேலை முடிந்தால் நண்பன் என்று சொல்ல ஒருவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும்தான் அவருக்குப் பெரிய பாரம். லட்சக்கணக்கான ஜனங்கள் உள்ள பட்டணம், பேச ஆள் இல்லை! நம் ஹாஸ்டல்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1900-ல் ஒரு நாள் இன்னொரு வக்கீல் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். சாப்பிட்டுவிட்டு இருவரும் உலாவப் போனார்கள். அந்த நண்பர் வழியில் இருந்த கடைக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து அறிமுகப்படுத்தினார். பாலுக்கு வாலிங்ஃபோர்ட் ஞாபகம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய நகரத்துக்குள்ளேயும் ஒரு சின்ன ஊரை உண்டாக்க முடியும் போலிருக்கிறதே என்று யோசித்தார். அந்த யோசனை பழுக்க ஐந்து வருடம் ஆனது.

அறை எண் 711

1905 பிப்ரவரி 23, குளிர்கால இரவு. டியர்பார்ன் தெருவில் யூனிட்டி கட்டடம், அறை எண் 711. சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோயரின் ஆபீஸ் அது. நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலி, தையல் தொழில் செய்த ஹிராம் ஷோரே, வக்கீல் பால் ஹாரிஸ், லோயர். ஆக மொத்தம் நாலே பேர். நாலு பேரும் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். மேடை இல்லை, மாலை இல்லை, மைக் இல்லை. உலகத்தின் முதல் ரோட்டரி கூட்டம் அதுதான்!

ஒவ்வொருவர் ஆபீஸிலும் முறை வைத்துச் சுழன்று கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. முதல் தலைவர் பதவியைக்கூட பால் எடுத்துக்கொள்ளவில்லை. ஷீலிதான் தலைவர். ஒரு தொழிலுக்கு ஒருவர், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்று விதி வைத்தார்கள். பிறகு வந்து சேர்ந்த அச்சகக்காரர் ஹாரி ரகிள்ஸ் எல்லாரையும் பாட வைத்தார். வளர்ந்த மனிதர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி பாடிச் சிரித்தார்கள்.

ஒரு கேள்வி

இங்கேதான் முக்கியமான இடம் வருகிறது. முதலில் அந்தச் சங்கத்தின் நோக்கம் இரண்டுதான். நட்பு ஒன்று, ஒருவர் தொழிலுக்கு மற்றவர் கைகொடுப்பது இன்னொன்று. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார்கள் என்று கணக்கு எழுதவே ஒரு ஆள் இருந்தார்! 1906-ல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலைச் சேரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். உங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொள்கிற சங்கத்தால் இந்த ஊருக்கு என்ன லாபம் என்பது அவர் கேள்வி.

வேறு ஒருவராக இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பார். பால் ஹாரிஸ் அப்படிச் செய்யவில்லை. கேள்வி கேட்டவரையே உள்ளே அழைத்து, விதியைத் திருத்தச் சொன்னார். ஊருக்கு உழைப்பதும் சங்கத்தின் நோக்கம் ஆனது. ஏழைப் போதகர் ஒருவரின் குதிரை செத்துப்போனபோது எல்லாரும் காசு போட்டு வேறு குதிரை வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்து 1907-ல் எடுத்த முதல் பெரிய வேலை என்ன தெரியுமா? பள்ளிக்கூடமா? சிலையா? இல்லை, பொதுக் கழிப்பறை! பட்டணத்துக்கு வேலையாக வருகிற ஜனங்கள் ஒதுங்க இடமில்லாமல் தவித்தார்கள். மதுக்கடைக்காரர்களும் பெரிய ஜவுளிக் கடைக்காரர்களும் இதை எதிர்த்தார்கள். எங்களிடம்தான் வசதி இருக்கிறதே என்றார்கள். குடிக்கவோ வாங்கவோ காசில்லாதவர் எங்கே போவார்? மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு விடாமல் போராடி, கடைசியில் நகர மன்றக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே கழிப்பறை கட்ட வைத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்க அம்மா வாரச்சந்தையில் கீரை விற்கிறது. அங்கே பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரை அம்மா தண்ணியே குடிக்காது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சக்கரமும் கீ-வேயும்

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு சேதி. ரோட்டரியின் சின்னம் 24 பல்லும் 6 ஆரமும் உள்ள சக்கரம். முதலில் அது வெறும் வண்டிச் சக்கரமாக இருந்தது. பிறகு பற்சக்கரமாக வரைந்தார்கள். நடுவில் கீ-வே இல்லாததைப் பொறியாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். கீ-வே இல்லாவிட்டால் சக்கரம் தண்டில் சும்மா சுற்றும், சக்தியைக் கடத்தாது! 1920-களில் கீ-வே சேர்த்துத் திருத்தினார்கள். நட்பு மட்டும் இருந்து சேவை இல்லாத சங்கமும் அப்படிச் சும்மா சுற்றும் சக்கரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடல் கடந்த சங்கம்

பக்கத்து ஊர்களுக்கும் சங்கத்தைக் கொண்டுபோக பால் ஆசைப்பட்டார். நமக்கு இருப்பது போதாதா என்று சிகாகோ நண்பர்களிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். அவர் விடவில்லை. 1908-ல் சான்பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம் வந்தது. 1910-ல் 16 சங்கங்கள் ஒன்றுகூடி அவரைத் தேசியத் தலைவராக்கின. செயலாளரான செஸ்லி பெர்ரி 1942 வரை அந்தப் பொறுப்பைச் சுமந்தார். அவர் இல்லாவிட்டால் இத்தனை வளர்ச்சி இல்லை. இந்தியாவில் 1920-ல் கல்கத்தா சங்கம் அங்கீகாரம் பெற்றது. 1929-ல் சென்னைக்கும் வந்தது.

1910-ல்தான் பாலுக்குக் கல்யாணமும் ஆனது. நடைப்பயணம் போன இடத்தில் அவர் கோட்டில் இருந்த கிழிசலைத் தைத்துத் தர முன்வந்த ஜீன் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்தான் மணமகள். குழந்தைகள் இல்லை. இருவரும் பல நாடுகளுக்குப் போனார்கள். போன இடங்களில் எல்லாம் பால் நட்பின் நினைவாக மரம் நட்டார்.

குறையும் சொல்ல வேண்டும். இந்த நட்பு வட்டத்துக்குள் பெண்களுக்கு வெகுகாலம் இடம் இல்லை. 1989-ல்தான் உலகம் முழுக்க விதியை மாற்றினார்கள். நல்ல சங்கமும் தன்னைத் திருத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

மலர் வேண்டாம்

1947 ஜனவரி 27-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் காலமானார். வயது 78. தன் மறைவுக்கு மலர் வைக்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை ரோட்டரி அறக்கட்டளைக்குக் கொடுத்தால் போதும் என்பது அவர் விருப்பம். பல நாடுகளிலிருந்து பணம் குவிந்தது. அந்த ஆண்டே 18 மாணவர்கள் வெளிநாடு சென்று படிக்க உதவித்தொகை கிடைத்தது. தாத்தாவின் தயவில் படித்தவர், முகம் தெரியாத பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டுப் போனார். அவர் கல்லறை, அறை எண் 711-க்கு வந்த அதே சில்வெஸ்டர் ஷீலியின் கல்லறைக்கு அருகில் இருக்கிறது. பாட்டி சொன்ன நாலு பேரில் ஒருவர் கடைசி வரை கூடவே இருந்தார்!

1985-ல் ரோட்டரி போலியோவை ஒழிக்க இறங்கியது. அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் லட்சக்கணக்கான தொண்டர்களும் சேர்ந்து சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் அந்த நோய் பரவவில்லை. 2014-ல் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. இன்று பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ரோட்டரியில் இருக்கிறார்கள். ஆரம்பித்தது நாலே பேர்.

நண்பர்களே! இந்த வருஷம் எங்கள் கூட்டத்தில் எழுந்து நின்று அம்மாவின் சந்தையைப் பற்றிச் சொன்னேன். கால் நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. சிவில் துறை நண்பர் இருவர் கழிப்பறைக்கு பிளான் போட்டுத் தந்தார்கள். மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. மறுபடியும் போவோம். சிகாகோவிலும் ஒரே நாளில் நடந்துவிடவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் ரூமில் தனியாகப் படுத்திருக்கும் முதலாம் ஆண்டுத் தம்பி, தங்கைகளே, வாங்க. எங்களுக்கு நாலு பேர் வேணும்.