17 வயதில் வீட்டை விட்டு ஓடிய ராமானுஜன்... அப்படி என்ன நடந்தது?

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேரும்போது ராமானுஜனுக்கு உதவித்தொகை இருந்தது. ஆனா, கணக்கைத் தவிர வேறெதிலும் மனசு போகவில்லை. ஆங்கிலத்தில் ஃபெயில், உதவித்தொகை கட். ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய்; துணிக்கடை குமாஸ்தாவான அப்பாவுக்கு மாதச் சம்பளமே சுமார் 20 ரூபாய்தான்.

1905 ஆகஸ்ட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ரயில் ஏறிவிட்டார். பதறிப்போன குடும்பம் 'தி இந்து'வில் 'காணவில்லை' அறிவிப்பே கொடுத்தது. இதற்கு இன்றைய நோய்ப்பெயர் எதையும் ஒட்டுவது சரியில்லை. ஆனா, முன்பும் இப்படி நொறுங்கியிருக்கிறார். பள்ளி நாட்களில் தானே கண்டுபிடித்ததாக நம்பிய முக்கோணவியல் சூத்திரத்தை 18-ம் நூற்றாண்டிலேயே ஆய்லர் எழுதிவிட்டார் என்று தெரிந்ததும், தாள்களைக் கூரையில் ஒளித்து வைத்துவிட்டார்.

வீடு திரும்பினார். அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. கணக்கு நோட்டை மட்டும் விடவில்லை.

1910-ல் திருக்கோவிலூர் துணை கலெக்டர் ராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போனபோது நீட்டியது அந்த நோட்டைத்தான். இவரைத் தாலுகா ஆபீஸில் முடக்க ஐயருக்கு மனமில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.